பொன்னிற போல்ட்டின் விலை – பழைய கார் பாகங்களின் முலாம் வரலாறு



எங்கள் பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு உள்பக்கம் ஈயம் பூசியிருக்கும். பூச்சு தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் அதில் புளிக்குழம்பு வைக்க மாட்டார்கள், களிம்பு ஏறிவிடும். தெருவில் ஈயம் பூசுகிறவர் வரும்வரை பாத்திரம் பரண் மேல் காத்திருக்கும். அவர் வந்து துருத்தி வைத்து, கரி மூட்டி, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் ஒரு தேய் தேய்த்தால் பாத்திரம் வெள்ளி மாதிரி மின்னும். கொஞ்ச காலத்தில் மறுபடி தேயும், மறுபடி பூசுவார்கள். "போன தடவை பூசினது ஏன் தேய்ந்தது?" என்று அவரிடம் யாரும் சண்டை போட்டதில்லை. பூச்சு என்றால் தேயத்தான் செய்யும்!

போன விடுமுறையில் ஒரு பழைய கார் ஷெட்டுக்குப் போயிருந்தபோது இந்த ஞாபகம் வந்தது. அங்கே 1970களின் ஜெர்மன் கார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒரு டப்பா நிறைய போல்ட்டுகள். எல்லாம் சாம்பல் நிறம், அங்கங்கே வெள்ளையாகப் பூத்தும், சிவப்பாகத் துருப்பிடித்தும் இருந்தன. ஆனால் வாஷருக்கு அடியில் மறைந்திருந்த இடம் மட்டும் பளிச்சென்று பொன்மஞ்சள்! சாய்த்துப் பார்த்தால் பச்சையும் சிவப்பும் மயில் கழுத்து மாதிரி ஓடுகிறது. "இந்தக் கலர் அப்படியே திரும்ப வரணும் தம்பி. அதுதான் இப்ப கஷ்டம்" என்றார் கார் சொந்தக்காரர்.

ஒரு நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவதில் என்ன கஷ்டம் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. அந்தப் பொன்னிறத்துக்குப் பின்னால் கிட்டத்தட்ட 200 வருட வரலாறு இருக்கிறது. அதில் கொஞ்சம் விஷமும் இருக்கிறது.

தியாகி உலோகம்

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, காற்றும் தண்ணீரும் படாமல் மூடிவிடுவது. பெயின்ட், நிக்கல், குரோமியம் எல்லாம் இந்த வகை. இரண்டாவது, இரும்பைவிடச் சீக்கிரம் அரிக்கப்படும் ஒரு உலோகத்தை இரும்போடு ஒட்டி வைப்பது. துத்தநாகமும் காட்மியமும் இந்த வகை. ஈரம் பட்டால் துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். கொஞ்சம் கீறல் விழுந்து இரும்பு தெரிந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் அதற்காகவும் கரையும்.

இந்த இரண்டாவது வழியை முதலில் பரிசோதித்துப் பார்த்தவர் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் அடித்திருந்த செப்புத் தகடுகள் கடல்நீரில் அரித்துக்கொண்டிருந்தன. தகட்டோடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைத்தால் செம்பு தப்பிக்கும் என்று 1824-ல் காட்டினார். செம்பு தப்பித்தது உண்மைதான். ஆனால் செம்பு கரையாததால், கரைந்த செம்பின் நஞ்சுக்குப் பயந்து விலகியிருந்த பாசியும் சிப்பியும் கப்பலின் அடியில் குடியேறிவிட்டன! கப்பல் மெதுவாகப் போக, கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. துருவைத் தடுக்கப் போனால் வேறு எங்கோ ஒரு கணக்கு வரும் என்ற பாடம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

1837-ல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சோரெல், இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய், தகரக் கூரை, பக்கெட் எல்லாம் அவர் வழியில் வந்தவைதான்.

ஆனால் போல்ட்டை அப்படி முக்கினால் மரை அடைத்துக்கொள்ளும். அதற்கு மெல்லிய பூச்சு வேண்டும். அது மின்சாரத்தால்தான் முடியும். வோல்டா மின்கலத்தைக் கண்டுபிடித்தது 1800-ல். ஐந்தே வருடத்தில் அவருடைய நாட்டுக்காரரான புருக்னடெல்லி அதை வைத்துத் தங்க முலாம் பூசிக் காட்டினார். 1840-ல் பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பம் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்று, வெள்ளி பூசிய கரண்டி, தட்டுகளை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டது. 1869-ல் அமெரிக்காவின் ஐசக் ஆடம்ஸ் நிக்கல் முலாமுக்குக் காப்புரிமை பெற்றார். ஆக, கார் பிறப்பதற்கு முன்பே முலாம் தயாராக இருந்தது.

பித்தளை, நிக்கல், குரோம்

ஆரம்ப காலக் கார்களில் விளக்கு, ரேடியேட்டர் எல்லாம் பித்தளை. அந்தக் காலத்தையே பித்தளைக் காலம் என்றுதான் கார் வரலாற்றில் சொல்கிறார்கள். அழகுதான், ஆனால் தினமும் தேய்க்க வேண்டும். நம் வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி! ஃபோர்டின் புகழ்பெற்ற மாடல் டி கூட 1917 மாடலில் பித்தளை ரேடியேட்டரை விட்டுவிட்டுக் கறுப்பு வண்ணம் பூசிய கூட்டுக்கு மாறியது. பிறகு பல கார்களில் நிக்கல் வந்தது. நிக்கலுக்குப் பித்தளை அளவுக்கு வேலை இல்லை, ஆனால் அதுவும் மெல்ல மங்கி மஞ்சளடிக்கும்.

குரோமியத்தை 1797-ல் பிரான்சின் வோக்லான் கண்டுபிடித்திருந்தாலும் அதை ஒழுங்காக முலாம் பூச நூறு வருடத்துக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1924 வாக்கில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க், சார்லஸ் எல்ட்ரிட்ஜ் இருவரும் அதைத் தொழிற்சாலையில் செய்யக்கூடிய முறையாக்கினார்கள். ரகசியம் எளிது. குரோமிக் அமிலத்தோடு மிகக் கொஞ்சம் கந்தக அமிலம் சேர்க்க வேண்டும். லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலத்துக்கு 2.5 கிராம், அதாவது நூற்றுக்கு ஒன்று. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கார்கள் ஒவ்வொன்றாகக் குரோமுக்கு மாறின.

இங்கே ஒரு வேடிக்கை. பம்பரில் நாம் பார்க்கும் குரோம் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவைத் தடுக்கும் உண்மையான வேலை அதன் அடியில் இருக்கும் நிக்கலுடையது. அது பல மடங்கு கனமாக இருக்கும். பெயர் குரோமுக்கு, உழைப்பு நிக்கலுக்கு! :)

இதற்கு வரலாறே சாட்சி சொல்கிறது. 1950களின் தொடக்கத்தில் கொரியப் போருக்காக அமெரிக்க அரசு நிக்கலைக் கட்டுப்படுத்தியது. கார் கம்பெனிகள் நிக்கலைக் குறைத்துவிட்டுச் செம்பின் மேலேயே குரோம் பூசிப் பார்த்தன. அந்தக் கார்களின் பம்பர்கள் சீக்கிரமே புள்ளி விழுந்து உரிந்தன.

அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப்போரின்போது இன்னொன்று நடந்தது. 1942 தொடக்கத்தில் அமெரிக்க அரசு கார்களின் அலங்காரப் பட்டைகளுக்குக் குரோம் கூடாது என்று சொல்லிவிட, சில வாரங்களுக்கு வந்த கார்களில் குரோம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் பெயின்ட்தான் இருந்தது. பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றுவிட்டது. இன்றைக்கு அப்படி ஒரு கார் கையில் கிடைத்து, "பாவம், குரோம் போய்விட்டது போலிருக்கிறது" என்று ஒருவர் ஆசையாகக் குரோம் பூசினால் என்ன ஆகும்? கார் பளபளக்கும், ஆனால் போர்க்காலத்தின் ஒரு சாட்சி அழிந்துவிடும். புதுப்பிக்கிறவருக்கு ஸ்பேனரைப் போலவே வரலாறும் ஒரு கருவி என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தப் பொன்னிறம் எங்கிருந்து வந்தது?

சரி, நம் போல்ட்டுக்கு வருவோம். துத்தநாக முலாம் வெள்ளி நிறம்தான். அதில் ஒரு குறை உண்டு. ஈரத்தில் துத்தநாகம் தானே சீக்கிரம் கரைந்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். டப்பாவில் நான் பார்த்த வெள்ளை அதுதான். தியாகி சீக்கிரம் செத்துவிட்டால் இரும்பை யார் காப்பது?

1936-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் இதற்கு ஒரு வழிக்குக் காப்புரிமை பெற்றது. துத்தநாகம் பூசிய பாகத்தைச் சோடியம் டைகுரோமேட்டும் கொஞ்சம் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் சில விநாடிகள் முக்கி எடுப்பது, அவ்வளவுதான். மேலே பசை மாதிரி ஒரு மெல்லிய படலம் உருவாகி உலரும். பொன்மஞ்சள் நிறமும் மயில் கழுத்து மினுமினுப்பும் அந்தப் படலத்துடையவை.

இந்தப் படலத்தின் பெரிய சாமர்த்தியம் அதன் நிறமல்ல, அது தன்னைத் தானே ஆற்றிக்கொள்வதுதான். படலத்துக்குள் மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் சட்டம் மாதிரி நிற்கும். அதன் நடுவே ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கொஞ்சம் சிறைப்பட்டிருக்கும். இந்த இரண்டாவது வகை தண்ணீரில் கரையக்கூடியது. எங்காவது கீறல் விழுந்து ஈரம் பட்டால் அது கரைந்து கீறலுக்கு நகர்ந்து, அங்கே துத்தநாகத்தோடு வினைபுரிந்து புதுப் படலம் போட்டுவிடும். புண் தானே ஆறும் தோல் மாதிரி! கார்புரேட்டர், பிரேக் பாகங்கள், கிளிப், ஸ்பிரிங், ஆயிரக்கணக்கான போல்ட் நட்டுகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பொன் பூச்சு வந்தது. கடல்காற்றுக்குக் கெட்டிக்காரன் என்பதால் சில பாகங்களில் துத்தநாகத்துக்குப் பதில் காட்மியம் பூசி அதன் மேல் இதே படலத்தைப் போட்டார்கள்.

விலை

கரைந்து நகரக்கூடியது என்பதால்தான் அது கீறலை ஆற்றியது. அதே காரணத்தால்தான் அது உடம்புக்குள்ளும் போனது.

குரோமேட் தொழிலாளர்களின் தோலில் ஆழமான புண்கள் வருவதையும், மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாகிவிடுவதையும் மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். 1890-ல் கிளாஸ்கோவில் ஒரு குரோமேட் தொழிலாளிக்கு மூக்கில் புற்றுநோய் பதிவானது. 1936-ல் ஜெர்மனி, குரோமேட் தொழிலாளர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. வருடத்தைக் கவனித்தீர்களா? பொன்னிறப் படலத்துக்குக் காப்புரிமை வந்த அதே 1936! ஒரு நாட்டில் புதுப் பூச்சு என்று எழுதிக்கொண்டிருந்தபோது இன்னொரு நாட்டில் புற்றுநோய் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பூச்சு உலகமெங்கும் பரவியது. எச்சரிக்கை பரவ இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆறு இணைதிறக் குரோமியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது 1990-ல். காட்மியம் 1993-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

காட்மியத்தின் கதை ஜப்பானில் நடந்தது. துத்தநாகத் தாதுவோடு கூடவே வருவது காட்மியம். ஒரு சுரங்கத்திலிருந்து அது ஜின்சு ஆற்றில் கலந்து, தொயாமா மாநிலத்தின் வயல் வழியாக அரிசிக்குள் போனது. எலும்புகள் மெலிந்து, இருமினாலே முறியும் அளவுக்கு ஆனது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். அவர்கள் அலறியதே நோய்க்குப் பெயராகிவிட்டது: இடாய்-இடாய், அதாவது "வலிக்குதே, வலிக்குதே". 1968-ல் ஜப்பான் அரசு இதைக் காட்மியத்தால் வந்த நோய் என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

'எரின் ப்ரோக்கோவிச்' படம் பார்த்தவர்களுக்கு ஹிங்க்லி ஊர் ஞாபகம் இருக்கும். அங்கே நிலத்தடி நீரில் கலந்ததும் இதே ஆறு இணைதிறக் குரோமியம்தான். எதற்காக அதைப் பயன்படுத்தினார்கள்? குளிர்விப்புக் கோபுரங்கள் துருப்பிடிக்காமல் இருக்க!

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் ராணிப்பேட்டைக்கே வாருங்கள். மேலே சொன்ன பொன்னிறக் கரைசலின் முக்கியப் பொருள் சோடியம் டைகுரோமேட் என்றேன் அல்லவா? அதே உப்பையும், தோல் பதனிடும் குரோம் உப்புகளையும் தயாரித்த ஒரு தொழிற்சாலை அங்கே 1970களில் தொடங்கி 1990களில் மூடப்பட்டது. மூடியவர்கள் போய்விட்டார்கள், லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு மட்டும் மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடியது. 2006-ல் வெளிவந்த, உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியல் ஒன்றில் ராணிப்பேட்டையும் இருந்தது. அந்த மஞ்சளும் நம் போல்ட்டின் மஞ்சளும் ஒரே குடும்பம்தான்.

கடைசியில் சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ல் போட்ட விதிப்படி 2003 ஜூலைக்குப் பிறகு சந்தைக்கு வரும் புதுக் கார்களில் ஈயம், பாதரசம், காட்மியம், ஆறு இணைதிறக் குரோமியம் நான்கும் கூடாது. சில விலக்குகள் உண்டு. துருத்தடுப்புப் பூச்சில் இருக்கும் குரோமியத்துக்கு 2007 வரை அவகாசம் தந்தார்கள். பம்பருக்குப் பூசும் குரோமிக் அமிலத்துக்கும் 2017 செப்டம்பர் முதல் அங்கே தனி அனுமதி வேண்டும். கலிபோர்னியா 2023-ல், ஆறு இணைதிறக் குரோமியத் தொட்டியில் செய்யும் அலங்கார முலாமை 2027 முதல் நிறுத்துவது என்று முடிவெடுத்தது. சில பட்டறைகளுக்கு மட்டும் 2030 வரை அவகாசம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பளபளக்கும் குரோம் பம்பரைத் தொட்டால் ஆபத்தில்லை. அது உலோகம், சும்மா இருக்கும். ஆபத்து அதைப் பூசும் தொட்டியிலும், அதிலிருந்து எழும் ஆவியிலும், வெளியே விடும் தண்ணீரிலும் இருக்கிறது. பம்பர் பூசியவரின் மூக்குதான் பம்பருக்கு விலை கொடுத்தது.

இன்றைக்கு எப்படிப் புதுப்பிக்கிறார்கள்?

முதல் வேலை, பிரிப்பதற்கு முன் படம் எடுப்பது. வாஷருக்கு அடியில், கிளிப்புக்குப் பின்னால் என்று மறைவான இடங்களில்தான் பழைய நிறம் தப்பித்திருக்கும். எந்த போல்ட் மஞ்சள், எது வெள்ளி, எது பாஸ்பேட் கறுப்பு என்பதற்கு அதுவே சாட்சி.

பிறகு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பழைய துத்தநாகத்தையும் துருவையும் கரைக்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பூச்சு துத்தநாகமா காட்மியமா என்று கண்ணால் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. காட்மியத்தைச் சூடாக்கினால் வரும் புகையும், உரசினால் வரும் தூசும் நுரையீரலைத் தாக்கும். அதனால் பழைய போல்ட்டை நெருப்பில் காட்டுவதும் கிரைண்டரில் பிடிப்பதும் வேண்டவே வேண்டாம்.

அதன்பின் துத்தநாக முலாம், சாதாரணமாக 5 முதல் 12 மைக்ரான் வரை. மிகக் கடினமான எஃகு போல்ட்டாக இருந்தால் இன்னொரு படி உண்டு. அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். அதனால் முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் 190–200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். சூடு பொன் படலத்தைக் கெடுக்கும் என்பதால் இதை முடித்துவிட்டுத்தான் படலம் போட வேண்டும். அழகுக்காகப் பூசிய போல்ட் ஓடும் காரில் முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியில் படலம். இப்போது மூன்று இணைதிறக் குரோமியத்தில் மஞ்சள் படலம் வந்துவிட்டது. அதோடு ஒரு சாயமும் சேர்ப்பார்கள். துரு தடுப்பதில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பழைய மயில் கழுத்து மினுமினுப்பு அப்படியே வருவதில்லை, கொஞ்சம் வெளிறியோ ஒரே சீராகவோ இருக்கும். "கஷ்டம்" என்று கார் சொந்தக்காரர் சொன்னது இதைத்தான்.

எதைத் திரும்பக் கொண்டுவருவது?

பழைய விஷத் தொட்டியில் முக்கியாவது அசல் நிறத்தைக் கொண்டுவர வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆசை எனக்குப் புரிகிறது. வாஷருக்கு அடியில் அந்த நிறத்தைப் பார்த்தபோது எனக்கும் மனசு துள்ளியது. ஒரு நாலு போல்ட்டால் ஆறு கெட்டுவிடுமா என்றும் கேட்கலாம். ஆனால் தொட்டி நாலு போல்ட்டுக்காக இருப்பதில்லை. தினமும் அதன் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும். தீர்ந்துபோன கரைசல் எங்காவது போயாக வேண்டும்.

பழங்கார் அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பு 2012-ல் டூரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழைய கார் ஒரு வரலாற்றுச் சான்று, அதை இருக்கிறபடி காப்பதே முதல் கடமை, புதிதாக்குவது அதற்கு அப்புறம்தான், செய்ததை எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். என் கருத்தும் இதுதான். பூச்சு இன்னும் பாதி உயிரோடு இருந்தால் சுத்தம் செய்து மெழுகோ எண்ணெயோ தடவி விட்டுவிடலாம். போய்விட்டிருந்தால் இன்றைய முறையில் பூசலாம். நிறம் கொஞ்சம் மாறித்தான் இருக்கும், இருக்கட்டும். ஒரே ஒரு பழைய போல்ட்டை மட்டும் பூசாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காரோடு வைத்துவிட்டால் அசல் நிறத்துக்கு அதுவே சாட்சி. புதுப் போல்ட்டின் வெளிறிய மஞ்சள், நாம் இவ்வளவு காலம் கழித்துக் கற்றுக்கொண்டதற்குச் சாட்சி.

பாட்டி வீட்டிலும் அப்படித்தான். ஒருமுறை பூசிய ஈயத்தில் காரீயக் கலப்பு இருக்கும் போலத் தோன்றியதாம். பாத்திரம் பளபளவென்று இருந்தாலும் பாட்டி அதில் சமைக்கவே இல்லை, சுரண்டிவிட்டு நல்ல வெள்ளீயத்தில் மறுபடி பூசச் சொன்னாராம். பூச்சு எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது!

உங்கள் வீட்டுப் பழைய கார், ஸ்கூட்டரில் இப்படி ஒரு பொன்னிற போல்ட் இருந்தால் வாஷரைக் கழற்றிப் பாருங்கள். பார்த்துவிட்டு மறக்காமல் கையைக் கழுவுங்கள். :)

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.